லண்டன் சட்டமும் மில்லிக்கன் வீடும்

வீட்டை விற்கப் போவதாகக் கோணேஸ்வரி சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிள்ளைகள் இருவரும் அவள் சமைத்த இறால் குழம்பைச் சோற்றோடு குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் தக்ஷிகாவுக்குப் புரையேறியது. மகன் சஞ்சீவன் வாய்க்குக் கொண்டுபோன கையைப் பாதி வழியில் நிறுத்தினான். தனக்குப் புற்றுநோய் என்று சொல்லியிருந்தாலும் இரண்டு பேரும் இவ்வளவு விரைவாக நிமிர்ந்து பார்த்திருப்பார்களா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"எந்த வீட்டை அம்மா?" என்று கேட்டான் சஞ்சீவன்.

"எனக்கென்ன மனே, ஊரெல்லாம் வீடா இரிக்கு? இந்த வீட்டைத்தான்."

ரொறன்ரோப் பக்கம் மில்லிக்கனில் நான்கு அறையும் நிலவறையும் உள்ள வீடு அது. அவளும் கணவர் வீரக்குட்டியும் தொழிற்சாலையில் மாறி மாறி வேலை செய்து அதன் கடனைக் கட்டி முடித்தார்கள். கடன் முடிந்த கையோடு பிள்ளைகள் கல்யாணம் கட்டிப் போனார்கள், மகன் ரூஜ் பக்கத்துக்கு, மகள் ஸ்ரௌவ்வில் ஊருக்கு. வீரக்குட்டி போன வருடத்துக்கு முதல் வருடம் ஒரேயடியாகப் போய்விட்டார். மிஞ்சிய கோணேஸ்வரி, மகனுடைய பழைய ஹொக்கி மட்டைகளுக்கும் மகளுடைய கல்யாண மணவறைச் சோடனைக்கும் பேரப்பிள்ளைகளின் தொட்டில்களுக்கும் காவலாக இருந்தாள். கோயில் காவல்காரனுக்காவது சம்பளம் கொடுப்பார்கள். இவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சமைக்கும் பாக்கியம் மட்டும் கிடைத்தது. பனி தள்ள வருகிறேன் என்று சொல்லும் மகன் பனி உருகிய பிறகுதான் வருவான்.

ஸ்டீல்ஸ் வீதியில் அவளுடைய சிநேகிதி பாலேஸ்வரி இருக்கும் கட்டிடத்தில் ஒரு படுக்கையறை வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. பாலேஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம், மனம் நல்லது. அவள்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். யன்னலுக்குக் கீழே பஸ் தரிப்பு, கீழ் மண்டபத்தில் பின்னேரங்களில் சீட்டு விளையாடும் கூட்டம். வெறும் அறையின் நடுவில் நின்றபோது, இங்கே இருந்து சாகலாம் என்று கோணேஸ்வரிக்குத் தோன்றவில்லை. இங்கே இன்னும் கொஞ்சக் காலம் இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. வீரக்குட்டி போன பிறகு அப்படி ஒரு நினைப்பு வந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே ஏஜன்ற்றிடம் சொல்லி விலை பேசிவிட்டாள். மாதமுடிவுக்குள் தன் வீட்டை விற்பதாக உறுதி சொன்னால் அது அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு ஒருவருக்கு.

இதையெல்லாம் அவள் சொல்லி முடித்தபோது சஞ்சீவன் ஒரே ஒரு சொல் சொன்னான்.

"டாக்ஸ்."

அவன் பெரிய நிறுவனமொன்றில் புரொஜெக்ட் மனேஜர். எதைச் செய்தாலும் என்ன பிழைக்கும் என்று முன்கூட்டியே பயப்படுவதற்கு அவனுக்குச் சம்பளம். தக்ஷிகா வங்கியில் வேலை செய்கிறாள். இந்த இரண்டு பேரும் சேர்ந்து, கனடாவில் இருக்கும் ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரி வரும் என்று யாரிடம் கேட்டார்கள் தெரியுமா? லண்டனில் இருக்கும் தாய்மாமன் நவரட்ணத்திடம்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். மட்டக்களப்புப் பக்கத்தில் தாய்மாமன் சொல்லுக்கு மேலே சொல் கிடையாது. கல்யாணமோ காணி வளவு எழுதுவதோ செத்த வீடோ, மாமன் தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியாத இந்தப் பிள்ளைகளிடம் இந்த ஒரு வழமை மட்டும் பழுதில்லாமல் கடல் தாண்டி வந்து சேர்ந்திருந்தது. அதுவும் தங்களுக்கு வசதியான நேரங்களில்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

நவரட்ணம் வட்ஸ்அப்பில் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு தோன்றினான். ஊரில் இருக்கும்போது தபாற்கந்தோரில் ஒரு முத்திரை வாங்க அக்காவைக் கூட்டிக்கொண்டு போன ஆள். லண்டன் ஹாரோவில் தன்னுடைய பெரிய வீட்டை விற்றுச் சின்ன ஃபிளட்டுக்குப் போனதிலிருந்து சட்டமேதையாகிவிட்டான்.

"அக்கா, நீ சும்மா இரி, இது உனக்கு விளங்காது. சஞ்சீவன், வடிவாக் கேள். செத்தவரிண்ட சொத்துக்கு வரி இரிக்கு. வீட்டைப் பிள்ளையளுக்கு விட்டுட்டுச் செத்தா அதில வரி இல்லாத தனி அலவன்ஸ் ஒண்டு இரிக்கு. வித்துப்போட்டுச் சின்ன வீட்டுக்குப் போனா அந்த அலவன்ஸ் குறையும். குறைஞ்சதைத் திருப்பி எடுக்கலாம். ஆனா மிச்சக் காசு அப்பிடியே பிள்ளையளுக்குப் போய்ச் சேரவேணும். அம்மா அதைத் தின்னு முடிச்சா அலவன்சும் போச்சு. அதுக்குமேல நூற்றுக்கு நாப்பது அரசாங்கத்துக்கு."

"நாப்பதா?" தக்ஷிகா நெஞ்சில் கையை வைத்தாள். அப்பா செத்த அன்றும் அவள் அப்படித்தான் கையை வைத்தாள்.

"பயப்படாத மனே. மாமா வழி சொல்றன். வீட்டை இப்பவே உங்க ரெண்டு பேரிண்ட பேரிலயும் எழுதுங்க. அதுக்குப் பிறகு அக்கா ஏழு வருசம் உயிரோட இரிந்தாச் சரி. ஒரு சதமும் கட்டத் தேவையில்ல."

"நான் இரிக்காட்டி?" என்று கேட்டாள் கோணேஸ்வரி.

வட்ஸ்அப்பில் நெற்றி கொஞ்சம் சுருங்கியது.

"இரிக்கவேணும் அக்கா" என்றான் நவரட்ணம், கண்டிப்பாக.

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் நாட்டுச் சட்டத்தைத்தான் சொன்னான். அக்கா வேறு நாட்டில் இருக்கிறாள் என்பது மட்டும் அவனுக்கு உறைக்கவில்லை. வெள்ளைக்காரன் ஆளுகிற நாடெல்லாம் அவனுக்கு ஒரே நாடு. சஞ்சீவன் அன்றிரவே கூகிளில் தேடினான். ஆங்கிலத்தில் முதலில் வந்து விழுந்த பக்கத்தில் மாமன் சொன்னது வரிக்கு வரி இருந்தது. அந்தப் பக்கத்தின் மேலே இங்கிலாந்துப் பவுண் அடையாளம் போட்டிருந்ததைக் கவனிக்க அவனுக்கு நேரமில்லை. இல்லாத ஊருக்கு வழி கேட்டவனுக்குப் போகாத பாதை ஒன்று கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் தொடங்கியது உபசாரம்.

தக்ஷிகா தினமும் காலையில் அழைத்தாள். "அம்மா, எழும்பிட்டீங்களா? மூச்சு வாங்குதா?" சஞ்சீவன் பனி கொட்டும்போதே வந்து பனி தள்ளினான், படிகளில் உப்புப் போட்டான், குளியலறையில் பிடிப்பதற்குக் கம்பி பூட்டினான். நின்ற இடத்திலேயே நடக்கும் இயந்திரம் ஒன்று வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது. சீனிப் போத்தல் காணாமல் போனது. மருமகள் றஜிதா மீன் எண்ணெய்க் குளிசை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் முன்பு இந்த வீட்டுக்கு வந்தால் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து கழற்ற மாட்டாள்.

கோணேஸ்வரி உருகித்தான் போனாள். பெற்றவள் அல்லவா, உருகுவதற்கு அவளுக்குக் காரணம் தேவையில்லை. பாலேஸ்வரியை அழைத்து, "பாவம் பிள்ளையள், நான் வீட்டை விட்டுப் போறன் எண்டதும் பயந்திட்டுதுகள். வேணாம் எண்டு சொல்லிருவமா எண்டு பாக்கிறன்" என்றாள்.

"கோணேசக்கா, ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதை தெரியுந்தானே?" என்றாள் பாலேஸ்வரி. "உதுகள் ஏன் இப்ப திடீரெண்டு உருகுதுகள் எண்டு வடிவா விசாரிச்சுப்போட்டுப் பிறகு முடிவெடுங்கோ."

சிநேகிதியின் வாய்க்கொழுப்பு என்று கோணேஸ்வரி கோபித்துக்கொண்டாள். விசாரிக்க வேண்டிய தேவையும் வரவில்லை, தானாகவே வெளியே வந்தது. இந்த ஆடிக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு ஊருக்குப் போய்வர ஆசையாக இருக்கிறது என்று அவள் சொன்ன அன்று, தக்ஷிகா துள்ளி எழுந்தாள்.

"நோ அம்மா! அங்க டெங்கு. இந்த ஏழு வருசமும் முதல் முடியட்டும். பிறகு நீங்க எங்க வேணுமெண்டாலும் போங்கோ, ஐ வோன்ட் ஸே எனிதிங்."

கோணேஸ்வரிக்கு மெல்ல மெல்ல விளங்கியது. உப்பு, கம்பி, குளிசை, காலை அழைப்பு, எல்லாம் வரிசையாக வந்து கண்முன்னால் நின்றன. அவளுடைய மூச்சைப் பிள்ளைகள் முதலீடாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். முதிர்ச்சி அடையும் தேதிவரை அது நிற்கக்கூடாது. அதற்குப் பிறகு டெங்கு வந்தாலும் ஆட்சேபணையில்லை. அன்றைக்கு அவள் அழவில்லை. ஈரச் சேலைகளைக் கொண்டுவந்து நடக்கும் இயந்திரத்தின்மேல் காயப் போட்டாள். அந்த இயந்திரம் அந்த வீட்டில் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

அத்தோடு விட்டார்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை சஞ்சீவன் மடிக்கணினியோடு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

"அம்மா, மாமா இன்னொரு பொயின்ட் சொன்னவர். வீட்டைத் தந்திட்டு அதிலேயே சும்மா இருந்தா, அது தந்ததாக் கணக்கில்லையாம். வாடகை கட்டவேணுமாம். மார்க்கெட் ரேட்."

"ஆருக்கு?"

"எங்களுக்கு."

கோணேஸ்வரி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பகிடி விடவில்லை. பகிடி விட்டிருந்தால் அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சந்தோசமாக இருந்திருக்கும்.

"சும்மா பேப்பருக்குத்தான் அம்மா. நாங்க திருப்பித் தந்திடுவம்."

"திருப்பித் தரக்கூடாதாம் அண்ணா" என்றாள் வங்கிக்காரி. "மாமா சொன்னவர், அது பிடிபட்டிடுமாம்."

"நான் கழுவிக் கூட்டித் துடைக்கிற வீட்டில, நான் உழைச்ச வீட்டில, எனக்கு வாடகை" என்றாள் கோணேஸ்வரி. "கறிக்கும் பில் போடவா மனே?"

இந்த இடத்தில் இரண்டு பேருக்கும் வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சண்டைதான். வாடகையை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு, வீட்டை எப்படிப் பிரிப்பது என்ற இடத்துக்குப் போனது. தக்ஷிகாவுக்கு ஊர் ஞாபகம் வந்தது.

"அம்மா, எங்கட ஊர் வழமைப்படி வீடு பொம்பிளைப்பிள்ளைக்குத்தானே? அப்பா இருக்கேக்க சொன்னவர். அண்ணாவுக்கு எப்படி ஹாஃப்?"

"ஓ, இப்ப ஊர் வழமையோ?" சஞ்சீவன் சீறினான். "ஸ்ரௌவ்வில் வீட்டுக்கு டவுன் பேமென்ட் அப்பா தந்தது என்ன வழமை?"

கோணேஸ்வரி மேசையில் கையால் தட்டினாள். தண்ணீர்க் குவளை ஆடியது.

"வழமையெண்டாப் பாதி வழமை இல்ல. முழுசாக் கேள். எங்கட பக்கத்தில மகளுக்குக் கலியாணம் எண்டா, தாயும் தகப்பனும் பெரிய வீட்டை மகளுக்குக் குடுத்திட்டு, அதே வளவுக்குள்ள சின்ன வீடு ஒண்டு போட்டுக்கொண்டு போயிடுவாங்க. ஒருத்தரும் லண்டனுக்குக் கோல் அடிச்சுக் கேக்கிறதில்ல. ஆனா வீடு வாங்கின மகள் அந்த வீட்டிலதான் இரிப்பாள். சின்ன வீட்டுக்கு மூணு நேரமும் சோறு போகும். நீ வா. ஸ்ரௌவ்வில்லை வித்திட்டு இங்க வா. நான் நிலவறைக்குப் போறன். சோறு தருவியா?"

தக்ஷிகா புருசனுடைய வேலை தூரம் என்றாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்றாள். இந்த வீட்டில் சமைக்கிற குசினி மிகப் பழசு என்றும் சொன்னாள். சஞ்சீவனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் ஏற்கனவே தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். வீடு யாருக்கும் வேண்டாம். வீட்டின் விலைதான் வேண்டும், அதுவும் அம்மா அதில் கைவைக்காமல்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அவள் எழுதிக் கொடுக்கத்தான் இருந்தாள். அதையும் சொல்லவேண்டும். ஏனென்றால் அவளுக்கும் பயம். உழைத்ததில் பாதியை யாரோ ஒரு அரசாங்கம் தின்றுவிட்டால், அதற்குத் தன் ஆசைதான் காரணம் என்று சாகும்வரை சொல்லிக் காட்டுவார்களே? ஒரு யன்னலுக்காகவும் ஒரு சீட்டுக்கட்டுக்காகவும் பேரப்பிள்ளைகளின் சொத்தை அழித்தவள் என்ற பெயர் வேண்டுமா? மாதமுடிவுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. ஏஜன்ற் இரண்டு தடவை அழைத்துவிட்டார். இரண்டு தடவையும் அவள் தொலைபேசியை எடுக்கவில்லை.

"சரி" என்றாள் கடைசியில். "எழுதுறதெண்டா ஒரு சட்டத்தரணியிட்டப் போய் ஒழுங்கா எழுதுவம்."

பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. சஞ்சீவன் தானே அம்மாவையும் தங்கையையும் காரில் கூட்டிக்கொண்டு போனான்.

சட்டத்தரணி செலீன் அமிர்தநாதரின் அலுவலகம் ஒரு பிளாசாவில், கொத்துரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ரொறன்ரோவில் பிறந்தவள், சின்ன வயது. சஞ்சீவன் மடிக்கணினியைத் திறந்து, தாயின் வீடு, அலவன்ஸ், ஏழு வருசம், வாடகை, நாற்பது வீதம் என்று வண்ண வண்ணமாகக் கட்டம் போட்டு விளக்கினான். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும், "அண்ணா, அன்ரி இருக்கிறது எந்த நாட்டில?" என்றாள்.

"கனடாவில."

"வீடு?"

"மில்லிக்கனில."

"அப்ப ஏன் யூகே சட்டத்தை எனக்குச் சொல்றீங்க? இங்க செத்தவரிண்ட சொத்துக்குக் கட்டுற இன்ஹெரிடன்ஸ் டாக்ஸே இல்ல. அலவன்சும் இல்ல, ஏழு வருசமும் இல்ல. அன்ரி தான் இருந்த வீட்டை வித்தா அதுக்கு டாக்ஸ் இல்ல. விக்காம வைச்சிருந்து அவ போனாலும் அந்த வீட்டுக்கு இன்கம் டாக்ஸ் வராது. உயிலை உறுதிப்படுத்த ப்ரோபேட் எண்டு கோர்ட்டுக்கு நூற்றுக்கு ஒண்டரை மாதிரி ஒண்டு கட்டவேணும், தட்ஸ் இட்." அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "ஆனா உங்கட பேருக்கு மாத்தினாப் பாருங்கோ. உங்க ரெண்டு பேருக்கும் சொந்த வீடு இருக்கு. மாத்தின நாளில இருந்து இந்த வீட்டுக்குக் கூடுற விலைக்கு நீங்கதான் டாக்ஸ் கட்டவேணும். அன்ரியிட்ட வாங்கிற வாடகைக்கும் கட்டவேணும்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்ள மூன்று வாரம் கூட்டம் போட்டுத் திட்டம் தீட்டியிருக்கிறார்கள். வேலைக்குப் போன நாளிலிருந்து இந்த நாட்டில் வரி கட்டுகிறவர்கள், ஒருத்தி வங்கியில் வேறு. கோணேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருப்பாள், அதற்குள் சஞ்சீவன் மடிக்கணினியை மூடிவிட்டுப் பேசினான்.

"ஓகே. கிரேட். அப்ப பேர் மாத்தத் தேவையில்ல." தங்கையைப் பார்த்தான். தங்கை தலையை ஆட்டினாள். "அம்மா விக்கவும் தேவையில்ல. அப்படியே இருக்கட்டும்."

வரி செத்துப்போயிற்று. அவர்களுடைய மறுப்பு மட்டும் கல்லாட்டம் அங்கேயே இருந்தது. கோணேஸ்வரியின் சிரிப்பு நின்றுவிட்டது. அரசாங்கத்துக்கு அஞ்சித்தான் பிள்ளைகள் இப்படிச் செய்கிறார்கள் என்று அவள் தனக்குள் சொல்லி வைத்திருந்த கடைசிச் சாட்டும் அந்த நிமிடத்தோடு போனது. அவர்கள் அஞ்சியது அரசாங்கத்துக்கு அல்ல, அவளுக்கு. அவள் வாழ்ந்து செலவழித்துவிடுவாளோ என்று.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருங்கோ" என்றாள் செலீன். "நான் அன்ரியோட தனியக் கதைக்கவேணும்."

"நாங்க ஃபமிலி" என்றாள் தக்ஷிகா.

"அதாலதான்."

கதவு மூடிய பிறகு செலீன் ஒரு குவளை தண்ணீரை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். "அன்ரி, உங்களுக்கு என்ன விருப்பம்?"

இந்தக் கதை தொடங்கிய நாளிலிருந்து ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. பெற்ற மகன் கேட்கவில்லை, மகள் கேட்கவில்லை, கூடப்பிறந்தவன் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பிள்ளை கேட்டது. கோணேஸ்வரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, யன்னலையும் பஸ் தரிப்பையும் பற்றிச் சொன்னாள். பாலேஸ்வரி சீட்டில் களவு விடுவாள் என்பதையும் சொன்னாள். பிறகு அங்கேயே இருந்து ஏஜன்ற்றை அழைத்தாள்.

"உயில் ஒண்டும் எழுதுவமா அன்ரி?"

"அது பிறகு மனே. இப்ப நான் சாகேல்லத்தானே."

வெளியே படிக்கட்டில் பிள்ளைகள் இருவரும் தொலைபேசியைச் சுற்றி நின்றார்கள். கனடாச் சட்டத்தில் எங்கோ பிழை இருக்கிறது என்று நவரட்ணம் லண்டனிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தான். கீழேயிருந்து கொத்துரொட்டித் தட்டின் சத்தம் வந்தது.

"விக்கிறன்" என்றாள் கோணேஸ்வரி. "ஏஜன்ற்றுக்கும் சொல்லியாச்சு. நாளைக்கு வந்து விற்பனைப் பலகை நடுவார்."

"ஒரு பெட்ரூம் அம்மா அது" என்றான் சஞ்சீவன். "நாங்க எல்லாரும் வந்தா எங்க இருக்கிறது?"

"கதிரையில."

"மிச்சக் காசை என்ன செய்வீங்க?" இது தக்ஷிகா.

"சாப்பிடுவன். உடுப்பன். மாமாங்கத்துக்குப் போவன். முடிஞ்சா நானும் பாலேசும் காசிக்கும் போவம்."

"அம்மா!" தக்ஷிகாவின் குரல் உடைந்தது. "அப்ப கடைசியில எங்களுக்கு என்ன மிஞ்சும்?"

சொன்ன பிறகுதான் அவள் நாக்கைக் கடித்தாள். கோணேஸ்வரி மகளுடைய கன்னத்தில் கையை வைத்தாள்.

"நான் மிஞ்சுவன் மனே. கொஞ்சக் காலத்துக்கு."

பிள்ளைகள் இருவரும் அவளைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா மிஞ்சுவது தங்களுக்குப் போதும் என்று அவர்கள் ஒருவரும் சொல்லவில்லை.